மூட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

சென்னை மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ நாற்பது, ஐம்பது வருடம் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடு. பெற்றோர் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீட்டை பில்டருக்குக் கொடுத்தாகிவிட்டது. வேண்டிய பாத்திரம், போட்டோ, பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தை அகற்ற நான்கு பேர் ஒரு குட்டியானை வண்டியோடு வருகிறார்கள். கூலி பேசி முடித்து, "எல்லாத்தையும் எடுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெளியே போய் நிற்கிறார்.

உள்ளே என்னென்ன இருக்கின்றன? பரணில் பழைய மெத்தையும் ட்யூப்லைட்டும். குளியலறை அலமாரியில் பாதி தீர்ந்த ஆசிட் பாட்டில், பிளீச்சிங் பவுடர் பொட்டலம். அம்மா இன்சுலின் போட்டுக்கொண்ட ஊசிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். கொல்லைப்புறம் கல்நார் ஷீட் போட்ட கொட்டகை, அதற்குள் விறகும் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பரும். மூலையில் ஒரு ஆட்டுக்கல், ஒரு பழைய டிவி, ஓடாத ஃப்ரிட்ஜ்.

அந்தக் குடும்பம் இருந்தவரை இவற்றில் எதுவும் யாரையும் காயப்படுத்தவில்லை. எந்த பாட்டிலில் ஊசி இருக்கிறது, எந்த டப்பாவில் எலி மருந்து இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும். இப்போது தெரிந்தவர் இல்லை, பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தூக்குபவருக்கு அது வெறும் மூட்டை. ஒரு பொருளைப் பற்றிய விவரம் பொருளைவிட்டுப் பிரியும் இடத்தில்தான் இந்த வேலையின் பல விபத்துகள் தொடங்குகின்றன. வீட்டைக் காலி செய்வதில் உள்ள ஒவ்வொரு ஆபத்துக்கும் அறிவியலில் தெளிவான விளக்கம் உண்டு, எளிய தடுப்பும் உண்டு. அந்த அறிவு மூட்டையைத் தூக்கும் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கவலை.

தூசு அடங்க எவ்வளவு நேரமாகும்?

முதலில் பரண். மேலே ஏறியவர் மெத்தையைக் கீழே தள்ளுகிறார், அறை முழுவதும் தூசு கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களால் தொல்லை குறைவு. அவை மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, தும்மலாகவும் சளியாகவும் வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாதவைதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும்.

காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் அளவுள்ள துகள் ஆளுயரத்திலிருந்து தரைக்கு வர எட்டுப் பத்து நிமிடம் ஆகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது விழும் வேகம் நூறில் ஒரு பங்காகக் குறையும். எனவே 1 மைக்ரான் துகள் தரைக்கு வர அரை நாளுக்கும் மேலாகும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய தூசைத் தொழிலாளர்கள் மாலை வரை சுவாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். இடையில் யாராவது துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று பெருக்கினால் அடங்கியதும் மறுபடி மேலே வந்துவிடும்.

அந்தத் தூசில் மண் மட்டும் இல்லை. ஈரம் பட்ட மெத்தையிலும் பேப்பரிலும் வளர்ந்த பூஞ்சையின் வித்துகள் இருக்கும். ஜன்னல் உடைந்த அறையில் புறா குடியேறியிருந்தால் காய்ந்த எச்சம் பொடியாகக் கலந்திருக்கும். அதில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும், கிளி, புறா போன்ற பறவைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவும் இருக்க வாய்ப்புண்டு. நோய்க்கிருமியே இல்லாவிட்டாலும் பறவை எச்சத்தின் புரதத்தைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி ஏற்பட்டு, நாளடைவில் நுரையீரல் இறுகிப்போகலாம். பழைய கதவையும் ஜன்னலையும் சுரண்டினால் வரும் தூசில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த வண்ணங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

முகத்தில் கட்டும் துண்டு பெரிய துகளை ஓரளவு நிறுத்தும், நுண்துகளை நிறுத்தாது. நெசவின் இடைவெளி ஒருபுறம் இருக்க, கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே உள்ள சந்து வழியாகவே காற்று போய்விடும். என்95 முகக்கவசம் 0.3 மைக்ரான் துகளிலும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் அது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அதைவிட முக்கியம் தூசைக் கிளப்பாமல் இருப்பது. ஜன்னல்களைத் திறந்து, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மெத்தையைத் தள்ளிவிடாமல் பழைய போர்வையில் சுற்றி இறக்கலாம்.

கொட்டகையின் ஷீட்டுக்கு இன்னும் கவனம் வேண்டும். சிமென்ட்டோடு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார் இழையைக் கலந்து செய்தது அது. முழுதாக இருக்கும்வரை இழைகள் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். சுத்தியலால் உடைத்தாலோ ரம்பத்தால் அறுத்தாலோ தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் காற்றில் கலக்கும். உள்ளே போன இழையை நுரையீரலின் காவல் செல்களால் கரைக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத் தலைகாட்டும். இன்று ஷீட் உடைக்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்கு அறுபது வயதில் மூச்சுத் திணறினால் இந்த ஒருநாள் வேலையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பல நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் இறக்குமதியும் ஷீட் தயாரிப்பும் தொடர்கின்றன. ஷீட்டை நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடிமனான பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்புவதுதான் வழி.

முதுகெலும்பின் கணக்கு

இந்த வேலையில் அன்றாடம் நடக்கும் காயம் முதுகில்தான். அதன் இயற்பியல் எளிமையானது.

தரையில் 20 கிலோ பெட்டி இருக்கிறது. ஒருவர் இடுப்பை வளைத்துக் கையை நீட்டி அதைத் தூக்குகிறார். பெட்டி அவருடைய கீழ் முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ முதுகெலும்பிலிருந்து வெறும் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏற்றத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் ஆள் என்பதுபோல, இங்கே ஒரு கை எட்டு மடங்கு நீளம், மறு கை ஒரு மடங்கு. ஆகவே 20 கிலோவைத் தாங்கத் தசை 160 கிலோ அளவு இழுக்க வேண்டும். முன்னால் சாய்ந்திருக்கும் தலை, தோள், மார்பு ஆகியவற்றின் எடையையும் அதே தசைதான் தாங்குகிறது. அதையும் சேர்த்தால் கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டின் மீது விழும் அழுத்தம் 300 கிலோவைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார ஆய்வு நிறுவனம் இந்தத் தட்டுக்கு வைத்திருக்கும் எல்லை 3,400 நியூட்டன், அதாவது சுமார் 350 கிலோ. வெறும் 20 கிலோ பெட்டியிலேயே நாம் அந்த எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டோம்.

அதே பெட்டியை முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் 40 சென்டிமீட்டர் பாதியாகக் குறையும், சுமையால் வரும் அழுத்தமும் பாதியாகும். பொருள் மாறவில்லை, கூலி மாறவில்லை, தூரம் மட்டும் மாறியது. எடை உடம்புக்கு நெருக்கமாக, இடுப்பு உயரத்தில், முறுக்காமல், நல்ல பிடியோடு இருக்கும் மிகச் சாதகமான நிலையில்கூட ஒருவர் தூக்க 23 கிலோதான் அதே நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு. நம் கடையில் விற்கும் அரிசி சிப்பம் 25 கிலோ. ஒருவரே தோளில் வைத்து மாடி ஏறுவது நமக்கு வெகு சாதாரணமாகிவிட்டது.

பீரோவையும் ஆட்டுக்கல்லையும் தூக்குவதைவிட நகர்த்துவது மேல். பீரோவின் உள்தட்டுகளையும் லாக்கரையும் கழற்றி, கதவைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். படியில் இறக்கும்போது கதவு திறந்துகொண்டால் சுமையின் நடுப்புள்ளி சட்டென்று ஒரு பக்கம் தாவும், கீழ்ப்படியில் நிற்பவர் அதற்கு அடியில் மாட்டிக்கொள்வார். ஆட்டுக்கல்லைச் சாக்கின் மேல் சாய்த்து இழுக்கலாம். சின்னச் சக்கரப் பலகை ஒன்று வண்டியில் இருந்தால் நான்கு பேரின் இடுப்பு பிழைக்கும். தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பது தலைக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் கழுத்தெலும்பின் மீது விழும் எடையை அது குறைப்பதில்லை.

சாக்கில் கிடக்கும் ஊசி

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பலர் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊசிகளில் கணிசமான பங்கு கறுப்புக் கவரில் சாதாரணக் குப்பையோடு போய்ச் சேருகிறது.

மூட்டையைத் தொடையோடு அணைத்துத் தூக்கும்போது அந்த ஊசி குத்துகிறது. ஹெபடைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை தொற்று வாய்ப்பு உண்டு. எச்ஐவிக்கு இது 0.3 சதவீதம். மக்கள் அதிகம் அஞ்சுவது எச்ஐவிக்கு, அதிகம் தொற்றக்கூடியது ஹெபடைடிஸ் பி. நல்ல செய்தி, ஹெபடைடிஸ் பி-க்கு நம்பகமான தடுப்பூசி இருக்கிறது, மூன்று தவணை போதும்.

குத்திவிட்டால் ரத்தத்தைப் பிதுக்குவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பலன் இல்லை. "சின்னக் குத்துதான், நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விடுவதில் கைநழுவுவது இந்த நேரம்தான்.

துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டனஸ் வரும் என்பது ஊரறிந்தது. துருவுக்கும் நோய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்த பாக்டீரியாவின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை, ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் முளைத்துப் பெருகும். ஆணி ஆழமாகக் குத்தி உண்டாக்கும் குறுகிய காயம் அதற்கு ஏற்ற இடம். எனவே பளபளக்கும் புது ஆணியிலும் மண் ஒட்டியிருந்தால் அதே ஆபத்து. பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊக்க ஊசி போட்டுக்கொண்டால் கவலையில்லை. ரப்பர் செருப்போடு இந்த வேலையில் இறங்காமல், அடிப்பாகம் தடித்த ஷூ போட்டுக்கொள்வது அதைவிடவும் நல்லது.

எலியும் கட்டுவிரியனும்

பேப்பர் மூட்டைக்குள் எலி குடியிருந்திருக்கும். எலியின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் வாழும். கையில் உள்ள கீறல், கண், வாய் வழியாக உடலில் நுழையும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். சாதாரணக் காய்ச்சல் என்று விட்டால் சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையே போதும்.

மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? "பத்து நாளைக்கு முன்னாடி எலி இருந்த வீட்டைக் காலி பண்ணினேன்" என்ற ஒரு வாக்கியம் அவருக்குக் கிடைத்தால் எந்தப் பரிசோதனை செய்வது என்று உடனே தெரிந்துவிடும். காய்ச்சலோடு வரும் தொழிலாளி தன் வேலையைச் சொல்ல வேண்டும், மருத்துவரும் கேட்க வேண்டும்.

விறகடுக்கைக் கலைக்கும்போது கையை உள்ளே விடாமல் நீளமான கம்பால் ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டும். தேளும் பூரானும் அங்கே சகஜம். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அதன் விஷம் நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. சந்தேகம் வந்தாலே கடிபட்டவரை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் தீமையே செய்யும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

வீட்டுக்காரருக்குச் சாவியைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று கடைசியில் ஒருவர் குளியலறையைக் கழுவுகிறார். கறை போகவில்லை. அலமாரியில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறார். பிளீச்சிங் பவுடரின் மேல் கழிப்பறை ஆசிட் பட்ட அடுத்த கணம் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் குளோரின் வாயு கிளம்புகிறது. பிளீச்சில் குளோரின் ஹைப்போகுளோரைட்டாகக் கட்டுண்டு இருக்கிறது. கழிப்பறை ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோரம் தேங்கும். குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. மூச்சுக்குழாயின் ஈரத்தோடு சேர்ந்து அது அங்கேயே அமிலமாக மாறுகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். வெளியே வந்ததும் இருமல் அடங்கிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ஆகவே மூச்சில் கொஞ்சம் அதிகமாகப் போயிருந்தாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம். பாதி பாட்டில்களை ஒன்றாக ஊற்றி இடம் மிச்சப்படுத்துவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

செப்டிக் டேங்கையும் தூர்ந்த கிணற்றையும் பற்றி ஒரே வார்த்தை: இறங்காதீர்கள். செப்டிக் டேங்கில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு, 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மோப்ப நரம்பையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் கொடியது. காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் இப்படித்தான் சாகிறார்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

டிவி, ஃப்ரிட்ஜ், பாட்டரி

2006-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலக் கலர் டிவிகள் எல்லாம் பிக்சர் ட்யூப் டிவிகள். இப்போது அவை காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த ட்யூபுக்குள் காற்றில்லை. வெளிக்காற்று திரையின் மேல் மட்டும் சுமார் 600 கிலோ எடையளவு அழுத்திக்கொண்டிருக்கிறது. ட்யூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைத்தால் கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கி, பிறகு நாலாபுறமும் சிதறும். கூம்புப் பகுதிக் கண்ணாடியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. உடைத்த இடத்தில் குழந்தைகள் விளையாடினால் அந்த ஈயம் அவர்கள் கைவழியாக வாய்க்குப் போகும். வளரும் மூளையை ஈயம் எந்த அளவில் இருந்தாலும் பாதிக்கும்.

ஃப்ரிட்ஜின் குழாயை அறுப்பதிலும் ஆபத்து உண்டு. புதிய ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவின் சொந்தக்காரன். மூடிய அறையில் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். மிகப் பழைய ஃப்ரிட்ஜில் இருக்கும் குளோரோஃப்ளோரோகார்பன் தீப்பிடிக்காது. ஆனால் கேஸ் கட்டிங் சுவாலையில் சிதைந்து நச்சு வாயுவாகும், வெளியேறினால் ஓசோன் படலத்தையும் அரிக்கும்.

பழைய மொபைல், லேப்டாப், பவர் பேங்க் இவற்றின் லித்தியம் பாட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறும். அந்தச் சூடு மேலும் ரசாயன வினையைத் தூண்டும், வினை மேலும் சூட்டைத் தரும். சில நொடிகளில் தீ, கூடவே ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கலந்த புகை. குப்பையை அழுத்தி ஏற்றும் லாரியில் இது நடந்தால் லாரியே எரியும். பாட்டரியைத் தனியாக எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, உப்பியிருந்தால் மணல் போட்ட டப்பாவில் வைத்து அனுப்ப வேண்டும். மின்னணுக் கழிவுக்கும் பாட்டரிக்கும் 2022-ல் தனித்தனி விதிகள் வந்துவிட்டன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிலையங்களும் இருக்கின்றன.

விவரம் தொலைந்தால் என்ன நடக்கும்?

ஒரு வீட்டில் நடப்பதே பெரிய அளவிலும் நடந்திருக்கிறது.

2001-ல் கொடைக்கானலில் ஒரு பழைய சாமான் கிடங்கில் 7.4 டன் உடைந்த கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்த வெப்பமானி ஆலையின் கழிவு அது, பாதரசம் படிந்தது. எடைக்கு வாங்கியவருக்கு அது கண்ணாடி. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகி, மூச்சு வழியாக ரத்தத்துக்கும் மூளைக்கும் போகிறது. வீட்டிலும் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டக்கூடாது. ஒரு உருண்டை நூறாகச் சிதறி, ஆவியாகும் பரப்பு கூடிவிடும். ஜன்னலைத் திறந்து, தடித்த அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட வேண்டும். பழைய ரத்த அழுத்தக் கருவி இருந்தால் இன்னும் கவனம் தேவை. தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவு என்றால், அதில் பல பத்து கிராம் இருக்கும்.

2010-ல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல வருடமாகப் பயன்படாமல் கிடந்த காமா கதிர்க் கருவி ஏலத்தில் போனது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே கோபால்ட்-60 இருப்பது தெரியாது. ஒரு தொழிலாளி இறந்தார், மேலும் பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள்.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி அனாதையாகக் கிடந்தது. இருவர் அதன் பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு போனது. நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சோதிக்கப்பட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் நோய் வந்ததையும் அந்தத் தூளையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் கடைக்காரரின் மனைவி. அந்தப் பாகத்தைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் சென்று சுகாதார அலுவலகத்தில் வைத்தார். அதனால்தான் ஊர் தப்பியது, அவர் தப்பவில்லை. மருத்துவமனையைக் காலி செய்தவர்கள் அந்தக் கருவியில் இருப்பதை உரியவர்களிடம் சொல்லி ஒப்படைத்திருந்தால் இது எதுவும் நடந்திராது.

வண்டி வருவதற்கு முன்

தொழில் பாதுகாப்பு அறிவியலில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் குறைவான ஆபத்துள்ள வழிக்கு மாற்று, அப்புறம் கருவியால் தடு, அதற்குப் பின் வேலை முறையை ஒழுங்கு செய், கடைசியாகக் கையுறையும் முகக்கவசமும் கொடு. நாம் கடைசியில் வர வேண்டியதை முதலில் வைத்து, அதையும் பல நேரம் கொடுக்காமல் விடுகிறோம். ஊசியைத் தடுக்கும் கையுறை கடையில் எளிதில் கிடைக்காது. ஊசியை முன்கூட்டியே தனியாக எடுத்து, தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மேலே எழுதி வைக்க யாராலும் முடியும்.

ஆபத்தை அகற்றும் அந்த முதல் படியைச் செய்யக் கூடியவர் வீட்டுக்காரர் மட்டுமே. வண்டி வருவதற்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அறை அறையாக நடந்து ஊசி, மருந்து, ஆசிட், பூச்சி மருந்து, எலி மருந்து, பாட்டரி, ட்யூப்லைட், தெர்மாமீட்டர் ஆகியவற்றைத் தனி அட்டைப் பெட்டியில் சேர்க்கலாம். நெல்லுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருந்தால் ஈரம் படாமல் அப்படியே விட வேண்டும், நீர் பட்டால் உயிரைக் குடிக்கும் பாஸ்பீன் வாயு வரும். மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும், சிலிண்டரை ஏஜென்சியிடம் திருப்ப வேண்டும். இந்தியாவின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் உருவாகும் அபாயக் கழிவைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்றே சொல்கின்றன. கழிவைக் கையாளும் பணியாளர்களுக்குக் கையுறை, காலணி, முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. நான்கு பேரோடு குட்டியானை ஓட்டிப் பிழைப்பவர்களை அந்த வரிகள் இன்னும் எட்டவில்லை.

வேலைக்கு ஆள் அழைத்து வருபவருக்கும் பொறுப்பு உண்டு. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைத் தன் ஆட்களுக்குப் போட்டுவைக்கலாம். தமிழ்நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய உதவலாம். சித்திரை வெயிலில் கொட்டகைக்குக் கீழே வேலை என்றால் விடியற்காலையில் தொடங்கி, தண்ணீரும் நிழலும் கொடுத்து, மதியத்தில் நிறுத்தலாம். மிஞ்சியதைக் கொல்லையில் கொளுத்தும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பிளாஸ்டிக்கும் ரெக்ஸினும் எரிந்தால் வரும் டையாக்சின் புகை கொளுத்தியவரையும் தெருவையும் சேர்த்தே தாக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று வேண்டும். "இதுல என்ன இருக்கு?" என்று கேட்கவும், பதில் கிடைக்காத பொருளைத் தொட மறுக்கவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும். அப்படி மறுத்ததற்காகக் கூலியில் பிடித்தம் இருக்கக்கூடாது. கூலி பேசும்போதே வீட்டுக்காரர் இந்தப் பேச்சைத் தொடங்கிவிடலாம். "சாமான் என்ன எடை இருக்கும்?" என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே, வீட்டில் இருக்கும் ஆபத்தான பொருட்களின் பட்டியலை எழுதி அவர்கள் கையில் கொடுங்கள், படித்தும் காட்டுங்கள். உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கும் தெரியப்படுத்துவது கூலியைப் போலவே அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி.